மூன்றாவது கோல்கீப்பர்

7

“பத்து நிமிஷத்துல ஆறு கோல். நீ யாருக்குடா விளையாடற, லிசார்தோ? நமக்கா, அவங்களுக்கா?”

கேட்டது பௌகார் அம்மாள். லிசார்தோ கையிலிருந்த வீடியோ கேம் கன்ட்ரோலரை ஒரு முறை முறைத்துப் பார்த்தான். லிமா நகரத்து மினிபஸ்ஸில் ஆறு வருடம் வாசலில் தொங்கிக்கொண்டு கூவிக்கூவி ஆள் ஏற்றியவன் அவன். வாய்க்குப் பஞ்சமில்லாதவன். அப்பேர்ப்பட்டவனையே வாயடைக்க வைத்துவிட்டது அந்தத் திரை.

“மேடம், விளையாட்டுல எந்தக் குத்தமும் இல்ல. கோல் காக்கற கோலிதான் சரியில்ல. பந்து வர்றப்போ சாமி கும்பிடறான்.”

“அப்ப ஆளை மாத்து.”

“ஏற்கெனவே ஒருத்தனை மாத்தியாச்சு. இது ரெண்டாவது ஆள்.”

“மூணாவது ஆளை இறக்கு. நான் யோசிக்கணும், உன் புலம்பல் காதுல விழுந்துகிட்டே இருக்கு.”

எர்மெலிந்தா பௌகாருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில், எரிந்துபோன கிடங்குகளை எரித்தது யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள். இப்போது லிசார்தோவை உதவிக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறாள். இன்றைக்கு அவள் உட்கார்ந்திருந்தது எல் காஸ்கஹால் கடைத்தொகுதியில், நூற்றுப் பதினெட்டாம் எண் கடையில். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பேர் உள்ளே வந்தால் நாலாவது ஆள் மூச்சை வெளியில்தான் விடவேண்டும்.

கடைக்காரன் ருஃபினோ மய்தா விளையாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். அவன்தான் இவர்களைக் கூப்பிட்டிருந்தான். கடிகாரம் இரண்டரை காட்டியது. நான்கு மணிக்கு மாடியில் கடைக்காரர் சங்கக் கூட்டம். அதில் ருஃபினோ திருடன் என்று முடிவானால், மாலைக்குள் கடைச் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். சங்கத்தின் சட்டம் அப்படி. ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரனிடம் கைவைத்தால் மறுபேச்சே கிடையாது.

அவன் எதைத் திருடினானாம்? ஒரு பேட்ச்சை, அதாவது கணினி விளையாட்டுக்குள் புதிதாக ஏற்றும் ஒட்டு வேலையை.

ஜப்பானிலிருந்து வரும் அந்தக் கால்பந்து விளையாட்டில் இத்தாலி உண்டு, இங்கிலாந்து உண்டு, பெயர் தெரியாத நாடெல்லாம் உண்டு. பெரு நாட்டு மலையூர்க் குழுக்கள் மட்டும் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து இருபத்திநாலு மலையூர் அணிகளை அதற்குள் ஏற்றியிருந்தார். சட்டை, மைதானம், ஆட்களின் முகம், கூட்டத்தின் கூச்சல், எல்லாம் அச்சு அசல். ஊரே பைத்தியமாகிவிட்டது. ருஃபினோ அதைச் சும்மா கொடுத்தான், வட்டுக்கு மட்டும் ஒரு சோல் வாங்கிக்கொண்டு. மூலைக்கடை பால்தசார் அதையே பத்து சோலுக்கு விற்றான். விற்றதோடு நிற்காமல், “செஞ்சவனே நான்தான், ருஃபினோ என்கிட்டேர்ந்து திருடிட்டான்” என்று சங்கத்தில் மனு கொடுத்துவிட்டான். சங்கத் தலைவரும் அவனேதான். ருஃபினோவோ, செய்தது தான்தான் என்று சாதித்தான்.

“உங்க கம்ப்யூட்டரைக் காட்டினா பிரச்சினையே முடிஞ்சுபோகுமே,” என்றாள் பௌகார் அம்மாள்.

“எரிஞ்சு போச்சும்மா. போன மாசம் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்.”

“பழுது பாக்கிறவர், சொந்த கம்ப்யூட்டரைப் பாக்க முடியலையா?”

ருஃபினோ திருப்புளியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“ஐயையோ,” என்று லிசார்தோ அப்போது திரையைக் காட்டினான். “மேடம், இங்க பாருங்க. யார் இந்த ராஜகுமாரன்?”

செரோ அசுல் அணியின் மூன்றாவது கோல்கீப்பர் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தான். சட்டையின் முதுகில் ‘மமானி’ என்று அசல் மலையூர்ப் பெயர். ஆறடி நாலங்குலம் இருப்பான். தலை நிறையப் பொன்முடி. கண் பச்சைத் தண்ணீர் நிறம்.

“எனக்கு ஏழு மமானியைத் தெரியும்,” என்றான் லிசார்தோ. “ஏழு பேரையும் ஒருத்தன் தோள்மேல ஒருத்தனா ஏத்தினாத்தான் இந்த உசரம் வரும்.”

ருஃபினோ சிரித்துவிட்டான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

“அது எல்லா பேட்ச்லயும் இருக்கும்ணே. இந்த விளையாட்டுல இடம் எண்ணி வெச்சது. புது டீம் குடிவரணும்னா பழைய டீம் ஒண்ணைக் காலி பண்ணணும். பேரு, சட்டை, முகம்னு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வரணும். உசிர் போற வேலை. அதனால மூணாவது கோலிக்கு பேரை மட்டும் மாத்திட்டு விட்டுருவாங்க. அவனை யார் இறக்கி விளையாடப் போறாங்க?”

“என்னை மாதிரி ஆளுங்க,” என்றான் லிசார்தோ.

பௌகார் அம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப இந்தப் பொன்முடிக்காரன் பழைய குடித்தனக்காரன். காலி பண்ணாம ஒட்டிக்கிட்டிருக்கான். சரி, செரோ அசுல் குடிவந்தப்போ எந்த டீமைக் காலி பண்ணினீங்க?”

திருப்புளி நின்றது.

“அது... பாத்துத்தான் சொல்லணும்மா. இருபத்திநாலு டீம் ஆச்சே.”

“உசிர் போற வேலைன்னு இப்பத்தான் சொன்னீங்க.”

ருஃபினோ திருப்புளியைக் கீழே வைத்தான். அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்ததைப் பார்த்து லிசார்தோவுக்கே சங்கடமாகிவிட்டது. நம்ம ஆளே இப்படி முழிச்சா எதிராளி சும்மா விடுவானா என்று நினைத்துக்கொண்டான்.

“லிசார்தோ, இருபத்திநாலு டீமையும் திற. மூணாவது கோலி முகம் மட்டும் பாக்கணும்.”

பார்த்தார்கள். செம்பட்டைத் தாடிக்காரன் ஒருத்தன், பெயர் கோண்டோரி. கறுத்த மலை போல ஒருத்தன், பெயர் ஹுவாங்கா. வழுக்கை, சடை, மீசை என்று உலகத்தையே சுற்றி வந்தார்கள். லிசார்தோ ஒவ்வொருவனுக்கும் ஒரு ஜாதகம் சொன்னான். இருபத்தோராவது அணி வய்யாபாத்தா. அங்கே அவன் வாய் தானாக நின்றது.

ஐந்தடி நாலங்குலம். உருண்டை முகம். வெயிலில் கன்றிய கன்னம். இடது புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பு. கையுறையில் விரல் நுனி கிழிந்திருந்ததைக்கூட வரைந்திருந்தார்கள். பெயர் எஸ். தின்தாயா.

“இவன் உள்ளூர்க்காரன்,” என்றான் லிசார்தோ.

“யாருப்பா இது?” பௌகார் அம்மாள் ருஃபினோவைத் திரும்பிப் பார்த்தாள்.

“தெரியாதும்மா.”

“நீங்க எந்த ஊர்?”

ருஃபினோ திரையைப் பார்க்காமல் சொன்னான். “வய்யாபாத்தா.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“மேடம்,” என்று லிசார்தோ பின்னாலேயே ஓடினான். “நம்ம கட்சிக்காரன் பொய் சொல்றான். கூலி பேசிக்கிட்டு நாம அவனுக்கே குழி வெட்டற மாதிரி ஆயிடும் போலிருக்கு.”

“பொய் சொல்றான்கறது தெரியுது. தனக்காகச் சொல்ற பொய்யில இவ்வளவு வேர்க்காதுடா. வா, மூலைக்கடைக்கு.”

மூலைக்கடையைக் கடை என்று சொன்னால் பால்தசார் கோபித்துக்கொள்வான். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வாசலில் அவன் படமே போட்ட ஆளுயர விளம்பரம். ‘மலையூர்க் கோப்பை பேட்ச், செய்தவர் பால்தசார் லெகார்தா.’ படத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நேரிலும் அப்படித்தான் நின்றான்.

“துப்பறியற அம்மணியா? வாங்க, வாங்க. ருஃபினோவுக்கு இவ்வளவு வசதி இருக்கா?”

“கடனுக்குத்தான் துப்பறியறோம்,” என்றான் லிசார்தோ.

“ஒரு சின்ன சந்தேகம்,” என்றாள் பௌகார் அம்மாள். “செரோ அசுல் டீம்ல வெள்ளைக்காரன் ஒருத்தன் நிக்கிறானே?”

பால்தசார் ஒரு நொடி யோசித்தான். பிறகு பல்லைக் காட்டினான். “அதுவா. நான் வேணும்னே வெச்ச தமாஷ். கலைஞன்னா ஒரு குறும்பு வேண்டாமா?”

“இருபத்திமூணு குறும்பு இருக்கே.”

“எனக்குத் தாராள மனசு.”

பௌகார் அம்மாள் ஒரு வட்டு எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கல்லாவில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, கூந்தலை இழுத்துப் பின்னியவள், தலை நிமிராமல் பணத்தை வாங்கி ரசீது கொடுத்தாள்.

“அவகிட்ட ஏதாவது கேட்டுவெக்காதீங்க அம்மணி,” என்று பால்தசார் பின்னாலிருந்து சிரித்தான். “அஞ்சு வருஷமா இங்க உக்காந்திருக்கா. பந்து உருண்டையா சதுரமான்னுகூடத் தெரியாது.”

அந்தப் பெண்ணின் தாடை மட்டும் இறுகியது. பௌகார் அம்மாள் ரசீதை ஒரு முறை படித்தாள். மறுபடியும் படித்தாள். குனிந்து அந்தப் பெண்ணிடம் என்னமோ சொன்னாள். குளிர்சாதனத்தின் இரைச்சலில் லிசார்தோவுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

“என்ன சொன்னீங்க?” என்று வெளியே வந்ததும் கேட்டான்.

“நாலு மணிக்கு மாடியில கூட்டம்னு சொன்னேன்.”

“அதை ஊரே சொல்லுதே.”

“ஊர் அவளைக் கூப்பிடலையே.”

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போன் உறை விற்பவன், வயர் விற்பவள், மணிக்கடிகாரக்காரன், எல்லோரும் ஆஜர். யாரோ சோள வறுவல் பொட்டலத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் நிகானோர், எழுத்துக்கு எழுத்து நிதானமாக எழுதும் மனுஷர், கூட்டப் புத்தகத்தை மேஜைமேல் விரித்துவைத்திருந்தார். நடுவில் டி.வி. தலைவர் நாற்காலியில் பால்தசார்.

“சீக்கிரம் முடிப்போம்,” என்றான் பால்தசார். “எல்லாருக்கும் வியாபாரம் இருக்கு.”

பௌகார் அம்மாள் எழுந்தாள். “எனக்கு ஒரே ஒரு கேள்விதான். செஞ்சவங்களுக்கு அது கேள்வியே இல்ல.” பொன்முடி மமானியைத் திரையில் காட்டினாள். கூடம் கொல்லென்று சிரித்தது. பழைய குடித்தனக்காரன் கதையை அவள் இரண்டு வரியில் சொன்னாள். “இப்ப தலைவர் சொல்லட்டும். செரோ அசுல் டீமை ஏத்தறதுக்கு எந்த டீமை அழிச்சீங்க?”

பால்தசார் கையைக் கட்டிக்கொண்டான். அவிழ்த்தான்.

“ஜெர்மனி.”

நிகானோர் மூல விளையாட்டு வட்டைப் பெட்டியில் போட்டார். பேட்ச் ஏற்றாத அந்த வட்டில் ஜெர்மனியைத் திறந்தார். மூன்றாவது கோலி வேறு ஆள்.

முணுமுணுப்பு எழுந்தது. லிசார்தோ உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். ஆள் மாட்டினான் என்று நினைப்பதற்குள் பால்தசார் மேஜையைத் தட்டினான்.

“மனுஷனுக்கு மறதி வராதா? சரி, அதே கேள்வியை அவன்கிட்டயும் கேளுங்க. கேளுங்கய்யா.”

எல்லாத் தலையும் ருஃபினோ பக்கம் திரும்பியது. ருஃபினோ எழுந்து நின்றான். கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“ஸ்வீடன்,” என்றான்.

நிகானோர் தேடினார். அங்கேயும் மூன்றாவது கோலி வேறு ஆள்.

லிசார்தோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். கெட்டது குடி. நாமே கூட்டிக்கொண்டு வந்து ஆளைக் கிணற்றில் தள்ளிவிட்டோமே. அவன் பௌகார் அம்மாளைப் பார்த்தான். அவளோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா?” என்று பால்தசார் எழுந்தேவிட்டான். “திருடின சரக்கைப் பத்தித் திருடனுக்கு என்ன தெரியும்? நூத்திப் பதினெட்டு சாவியை வாங்குங்க.”

“நார்வே.”

குரல் வாசலிலிருந்து வந்தது. கல்லாப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கடைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. மார்பில் பெயர்ப்பட்டை, அதில் எவுதோசியா தின்தாயா.

லிசார்தோ தலையில் அடித்துக்கொண்டான். ரசீதில் இருந்தது இந்தப் பெயர்தான். அவனும் அந்தக் கல்லாமுன் நின்றான், அவன் கண்ணும் கண்தான், என்ன பிரயோஜனம்.

நிகானோர் நார்வேயைத் திறந்தார். அதே ஆறடி நாலங்குலம், அதே பொன்முடி.

“எவுதோ, வேண்டாம். கீழ போ,” என்றான் ருஃபினோ.

“போதும் அண்ணே. எனக்காக நீங்க கடையை இழக்க வேண்டாம்.” அவள் நேராக மேஜைக்கு வந்தாள். “செரோ அசுலுக்கு அடியில நார்வே. கஞ்சாரிக்கு வேல்ஸ். பூமாபம்பாவுக்கு ஆஸ்திரியா. எந்த டீமை வேணும்னாலும் கேளுங்க.”

நிகானோர் கேட்டார். எட்டாவது? பின்லாந்து. பதினேழாவது? துனிசியா. மூல வட்டையும் பேட்ச்சையும் மாற்றி மாற்றிப் போட்டு அவருக்குக் கை வலித்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“வய்யாபாத்தாவுக்கு?” என்று கேட்டாள் பௌகார் அம்மாள், மெதுவாக.

“ஸ்லோவேனியா. ஆனா அதோட மூணாவது கோலியைத் தேடாதீங்க. அவனை நான் சுத்தமா அழிச்சிட்டேன். அந்த இடம் என் தம்பி சபினோவுக்கு.” அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். “எட்டு வருஷமா எங்க ஊர் டீம்ல மூணாவது கோலி. ஒரு நிமிஷம்கூட அவனை இறக்கினதில்ல. தண்ணி பாட்டில் தூக்கறான், வலை கட்டறான், ஞாயித்துக்கிழமை தவறாம கையுறையை மாட்டிக்கிட்டு பெஞ்சில உக்காந்திருக்கான். இந்த விளையாட்டுல அவன் இறங்குவான். யாரும் தடுக்க முடியாது. அதுக்காகத்தான் முதல் டீமைச் செஞ்சேன். மத்த ஊர்க்காரங்களுக்கும் தம்பி இருப்பான்ல, அதனால மீதி இருபத்திமூணு.”

சோளப் பொட்டலம் எங்கேயோ நின்றுபோயிருந்தது.

“முதல்ல முதலாளிகிட்டதான் காட்டினேன். சமையல்கட்டுல போய் விளையாடுன்னாரு. அப்புறம் எங்க ஊர்க்காரர்னு ருஃபினோ அண்ணன்கிட்ட கொடுத்தேன். என் வேலை போயிடும்னு அவர் என் பேரை வாயே திறக்கல. நானும் இத்தனை நாள் பயந்துகிட்டுதான் இருந்தேன்.”

பால்தசார் லேசுப்பட்டவன் இல்லை. முகம் வெளுத்தாலும் வாய் வெளுக்கவில்லை.

“ரொம்ப நல்லதாப் போச்சு. இவ என் கடை ஆளு. என் சம்பளத்துல இருக்கறவ செஞ்சது என் கடைச் சொத்து. அப்பவும் அது என்னுதுதான், அப்பவும் ருஃபினோ திருடன்தான். எந்த வக்கீலை வேணும்னாலும் கேட்டுக்கோங்க.”

பௌகார் அம்மாள் வாயைத் திறந்தாள். ஆனால் எவுதோசியா முந்திக்கொண்டாள்.

“திங்கக்கிழமை செஞ்சேன், முதலாளி. என் வீட்டுல, என் கம்ப்யூட்டர்ல. திங்கக்கிழமை எனக்கு லீவு. அன்னிக்கு நீங்க ஒரு காசு குடுத்ததில்ல. காய்ச்சல்ல படுத்த ரெண்டு நாளுக்கும் சம்பளத்தைப் பிடிச்சீங்க. பிடிச்ச நாளெல்லாம் என்னோட நாள்.”

வயர் விற்பவள் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாற்காலி நாற்காலியாகப் பரவியது.

“அந்த விளையாட்டே உன்னுது இல்லடி. ஜப்பான்காரனுது,” என்று பால்தசார் கத்தினான்.

“ஆமா. அதனாலதான் நான் விக்கல. நீங்கதான் வித்தீங்க.”

நிகானோர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திருட்டுன்னு புகார். செஞ்சவங்களே குடுத்திருக்காங்க. நூத்திப் பதினெட்டு ருஃபினோகிட்டயே இருக்கட்டும்ங்கறவங்க கை தூக்குங்க.”

லிசார்தோவும் கை தூக்கிவிட்டான். அவனுக்கு ஓட்டு இல்லையென்று பௌகார் அம்மாள் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் இல்லாமலே முப்பத்தேழு கை இருந்தது. ருஃபினோ நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். பெரிய மனுஷன் அழுவதை அங்கே யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

“புத்தகத்துல எழுதணும்,” என்றார் நிகானோர். “பேட்ச் செஞ்சவங்க பேரு?”

“பேரு மட்டும் அந்தப் புத்தகத்துல ஏறட்டும்,” என்று பால்தசார் பல்லைக் கடித்தான். “அதுக்கப்புறம் நீ கடைப்படி மிதிக்கக் கூடாது. இந்தத் தெருவுல எவனும் உனக்கு வேலை குடுக்கமாட்டான். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. பெயர்ப்பட்டையைக் கழற்றி, கல்லாச் சாவியோடு சேர்த்து அவன் முன்னால் வைத்தாள்.

“எழுதுங்கய்யா. எவுதோசியா தின்தாயா சுல்கா. அப்பா பேரு, அம்மா பேரு ரெண்டும் வரணும். பாதிப் பேரு போட்டா பாதி வேலை செஞ்சவ மாதிரி இருக்கும்.”

நிகானோர் நிதானமாக எழுதினார். “தொழில்?”

“வேலை இல்லாதவன்னு எழுது,” என்றான் பால்தசார்.

எவுதோசியா அவன் பக்கம் திரும்பவே இல்லை. “ஆட்டத்தைத் திருத்தறவ. அப்படியே எழுதுங்க.”

பேனா ஓடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. எழுதி முடித்ததும் அவள் கையெழுத்துப் போட்டாள். நிகானோர் மை காயும்வரை ஊதிவிட்டு, புத்தகத்தைத் திருப்பித் தலைவர் நாற்காலிப் பக்கம் தள்ளினார்.

“சட்டப்படி தலைவர் கையெழுத்தும் வேணும். இங்க, அவங்க பேருக்குக் கீழ.”

நாற்பது பேரும் காத்திருந்தார்கள். பால்தசார் பேனாவை எடுத்தான்.